கூடவே சுருங்கும் பலகை

நடந்ததா என்று கேட்டால், நடந்தது. இப்படியேதான் நடந்ததா என்று கேட்டால், கொஞ்சம் வளர்ந்துதான் இருக்கும். வளராத கதையை யார் தூக்கிக்கொண்டு அலைவது?

கோயம்புத்தூர் குறிச்சி தொழிற்பேட்டையில், கிரைண்டர் கல் கொத்துகிற பட்டறைக்கும் பம்புசெட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற கொட்டகைக்கும் நடுவில் சத்தமே இல்லாத கட்டடம் ஒன்று உண்டு. அங்கே டைட்டானியத்தில் சாமான் செய்கிறார்கள். இரும்பின் உறுதி, இரும்பில் பாதிக்குச் சற்று மேலான எடை, துரு என்ற பேச்சே கிடையாது, அப்படிப்பட்ட உலோகம். மற்ற இடங்களில் அதன் பொடியைப் பரப்பி, லேசர் வெளிச்சத்தால் ஊசிமுனை ஊசிமுனையாக உருக்கி, அடுக்கு மேல் அடுக்காகச் சாமானை வளர்ப்பார்கள். மின்னலுக்குக் கயிறு கட்டிக் கோலம் போடச் சொல்வது மாதிரி. இந்தக் கட்டடத்தில் அந்த மின்னல் இல்லை. பொடி, பசை, அடுப்பு. அவ்வளவுதான்.

நடத்துகிறவர் ஷமீமா. வயது முப்பத்தெட்டு. முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர் என்பதால் தொழிற்பேட்டைக்கே அவர் டீச்சர். ஒரு நாளைக்கு இத்தனை சொல் என்று எண்ணி வைத்துக்கொண்டு, அதிலும் மிச்சம் பிடிக்கிறவர்.

அவரிடம் சீடராக வந்தவருக்கு வயது ஐம்பத்தேழு. பெயர் ஆறுக்குட்டி.

ஆறுக்குட்டி சாதாரண ஆள் இல்லை. முப்பத்தைந்து வருஷம் வெல்டிங். கொசுவின் பிய்ந்த சிறகைக்கூடப் பற்றவைத்துவிடுவார் என்பார்கள். அந்தக் கொசு அதற்கப்புறம் பறக்கும். நன்றிக்கு அவரை மட்டும் கடிக்காது. அவர் ராத்திரியில் வேலை செய்தால் சுந்தராபுரத்துச் சேவல்கள் விடிந்துவிட்டது என்று கூவும் என்றும் சொல்வார்கள். அப்படிப்பட்டவர் ஐப்பசி அடைமழையில் நனைந்தபடி வந்து, செருப்பை வாசலில் விட்டு, கையைக் கட்டி நின்றார்.

“தீ இல்லாம ஒட்டற எடம் இதுதானுங்களா?”

“இதுதான்,” என்றார் டீச்சர். “தீயைக் கைக்குள்ள வெச்சிருக்கற ஆளு நீங்க. உங்களுக்கு எதுக்கு?”

ஆறுக்குட்டி சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். முறிந்த குழாய்த் துண்டுகள் இரண்டு.

“எந்தங்கச்சியோட கணுக்கால்ங்க இது. நான் செஞ்சது. உக்கடம் பஸ் ஸ்டாண்டுல படியில கால் வெச்சா, முறிஞ்சுபோச்சு. ஒதட்டுல மூணு தையல்.”

தங்கை வசந்தாமணி. இருபது வருஷத்துக்கு முன்னால், மதுக்கரை ரோட்டில் டி.வி.எஸ். ஐம்பதில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். நாய் குறுக்கே வந்தது. ஓட்டியவர் ஆறுக்குட்டி. அவருக்கு முழங்கையில் தோல் சிராய்த்தது. அவளுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. அன்றைக்குப் பிறகு அவளும் கல்யாணம் கட்டவில்லை, இவரும் கட்டவில்லை. ஒரே வீடு. இரும்புக் கணுக்கால் வைத்த அந்தச் செயற்கைக் கால் நாலரைக் கிலோ. அதைக் குறைக்கத்தான் டைட்டானியக் குழாயை வெட்டிப் பற்றவைத்துப் பார்த்தார்.

டீச்சர் துண்டுகளைத் திருப்பிப் பார்த்தார்.

“நான் செஞ்சு குடுத்தா மூணு வாரம்.”

“எங்கையில ஆகணும்ங்க.”

“அப்பிடின்னா ரொம்ப நாள் ஆகும்.”

“ஆகட்டும்ங்க. ஒண்ணு மட்டும் சொல்லிப்போடுங்க டீச்சர். உருக்காம எப்பிடிங்க ஒட்டும்?”

டீச்சர் எழுந்து போய், டீ போடுகிற மேசையிலிருந்து உப்பு ஜாடியை எடுத்து வந்து வைத்தார்.

“இதுல ஒரே ஒரு கல்லு எடுத்துக் குடுங்க.”

ஆறுக்குட்டி விரலை விட்டார். வரவில்லை. ஜாடியைக் கவிழ்த்துத் தட்டினார். ஜாடி வடிவத்திலேயே மொத்தமும் ஒரே கட்டி.

“மழைக்குக் கட்டிப்போச்சுங்க.”

“யாரு உருக்குனது?”

“யாரும் உருக்கலீங்களே.”

“யாரு பத்தவெச்சது?”

ஆறுக்குட்டி கட்டியைப் பார்த்தார்.

“பக்கத்துல பக்கத்துல ரொம்ப நாளா இருந்துச்சு,” என்றார் டீச்சர். “இது பாதி பதில்தான். நாளைக்கு வரும்போது பருத்திச் சட்டை போட்டுட்டு வாங்க.”

பருத்திச் சட்டை எதற்கு என்று மறுநாள் தெரிந்தது. டைட்டானியப் பொடி கோதுமை மாவைவிட மெல்லிசு. நைலான் சட்டையின் ஒரு பொறி போதும், குப்பென்று பிடித்துக்கொள்ளும். பீடி கூடாது. தீப்பெட்டி வாசலோடு சரி. அவர் கணுக்காலில் ஒரு வார் கட்டி அதன் மறுமுனையைத் தரையில் பதித்த செம்புப் பட்டையோடு மாட்டிவிட்டார்கள், உடம்பில் மின்சாரம் சேராமலிருக்க. முப்பத்தைந்து வருஷம் நெருப்போடு நெருப்பாக இருந்த மனுஷன், வாரில் கட்டின ஆட்டுக்குட்டி மாதிரி நின்று நாற்பது நாள் பொடி சலித்தார்.

நாற்பத்தோராம் நாள் வாயைத் திறந்தார்.

“ஏனுங்க டீச்சர், இதே பொடியைத் துப்பாக்கிக் குண்டு வேகத்துல ஊதி அறைஞ்சே ஒட்டற மிஷின் இருக்குதாமா. அப்பறம் கம்பியைச் சுத்தவிட்டுத் தேச்சுத் தேச்சே ஒட்டறவங்களும் இருக்கறாங்களாமா. அதுக்கும் லேசர் வேண்டாமாமா. நாம ஏன் இப்பிடிப் பசை வெச்சுட்டு உக்காந்திருக்கறம்?”

“உங்களுக்கு அறையறது புடிக்குமா, தேய்க்கறது புடிக்குமாண்ணா?”

“ரெண்டையும் சின்ன வயசுல எங்கப்பன்கிட்ட வாங்கிட்டனுங்க.”

“அப்ப இதுவே இருக்கட்டும்.”

தை மாதம் மிஷினைத் தொட விட்டார். ஒரு பெட்டி. அதில் தலைமுடிப் பருமனுக்குப் பொடி பரவும். மேலே ஒரு தலை ஓடி, வேண்டிய இடத்தில் மட்டும் பசைத் துளி போடும். மறுபடி பொடி. மறுபடி பசை. ஆயிரம் தடவை, இரண்டாயிரம் தடவை. பிறகு லேசாகச் சூடு காட்டி, தூரிகையால் பொடியைத் தள்ளித் தள்ளித் தோண்டினால், உள்ளே உருவம் படுத்திருக்கும். பச்சைத் துண்டு என்பார்கள். சாக்பீஸ் மாதிரி. அழுத்திப் பிடித்தால் உதிரும். அதைக் காற்றே இல்லாத அடுப்புக்குள் வைத்து, உருகுவதற்கு ரொம்ப முன்னாலேயே நிறுத்திச் சுட வேண்டும். பசை போய்விடும். பொடி பொடியோடு சேர்ந்துகொள்ளும்.

பழகுவதற்காகச் சுட்ட முதல் துண்டில் ஆறுக்குட்டிக்குப் பொறுக்கவில்லை. உருகுவதைக் கண்ணால் பார்த்தே வாழ்ந்தவர். ஆறும் முன்னே கதவைத் திறந்துவிட்டார். துண்டு மயில் கழுத்து நிறத்தில் மின்னியது. பொன்னும் நீலமும் ஊதாவும்.

“டீச்சர்! இங்க பாருங்க, சாமி நகையாட்ட வந்திருக்குது!”

டீச்சர் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினார். அப்பளம் மாதிரி நொறுங்கியது.

“சூடா இருக்கறப்ப இது காத்தைக் குடிச்சிரும்,” என்றார். “குடிச்சா அழகா இருக்கும். தாங்காது.”

மாசியில் வசந்தாமணிக்கு ஒரு வேலை வந்தது.

வால்பாறையில் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதிக்கு வார்டன். எண்பது பிள்ளைகள். தங்க இடம், சாப்பாடு எல்லாம் அங்கேயே. ஜூன் ஒன்றாம் தேதி சேர வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. சமையல்கூடத்திலிருந்து விடுதிக்கு நூற்றுப் பன்னிரண்டு படி. யார் துணையும் இல்லாமல் ஏறி இறங்கிக் காட்ட வேண்டும்.

“இந்த நாலரைக் கிலோவை வெச்சுட்டு நான் பன்னெண்டு படி ஏறுவேன்,” என்றாள் வசந்தாமணி. “மீதி நூறுக்குத்தான் நீங்க ஏதாச்சும் பண்ணோணும்ங்ணா.”

“பண்ணிப்போடலாம் அம்மிணி,” என்றார் ஆறுக்குட்டி. சொன்னவர் அன்றைக்குச் சோற்றில் தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டார். வயிறு சரியில்லை என்றார்.

சித்திரையில் கணுக்காலை அச்சடித்தார்கள். உள்ளே தேன்கூடு மாதிரி காலியாகவும் வெளியே கெட்டியாகவும் டீச்சர் வரைந்திருந்தார். பொடியிலிருந்து தோண்டி எடுத்த ஆறுக்குட்டி சிரித்துவிட்டார்.

“டீச்சர், அவ மனுஷிதானுங்க. யானை இல்லீங்க.”

“சுருங்கும்.”

“எத்தனை?”

“அஞ்சுல ஒண்ணு.”

வரைபடத்தில் கணுக்காலுக்குக் கீழே ஒரு மெல்லிய பலகையும் இருந்தது. அதையும் அதே பொடியில் அச்சடிக்கச் சொல்லியிருந்தார் டீச்சர். ஆறுக்குட்டி அதை அடிக்கவில்லை. இந்தப் பொடியைச் சலிக்கிற பாடு சலித்தவனுக்குத்தானே தெரியும். கால் வைக்கிற மணைக்கெல்லாம் யாராவது இதைச் செலவழிப்பார்களா? அடுப்புக்குள் போடுவதற்கென்றே வெள்ளைப் பீங்கான் பலகை இருந்தது. எந்தச் சூட்டுக்கும் அசையாதது. அதன் மேல் வைத்துக் கதவை மூடினார்.

டீச்சர் பார்த்தார். நோட்டில் தேதியைக் குறித்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது கணுக்கால் சுருங்கித்தான் இருந்தது, சொன்ன அளவுக்கு. ஆனால் அடிப்பக்கத்திலிருந்து நடுவரைக்கும் வாய் பிளந்தது மாதிரி வெடிப்பு.

சனிக்கிழமை. வசந்தாமணி ஆட்டோவில் கேரியர் கொண்டு வந்தாள். வெடித்த துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தவள், ஓரத்தில் பதிந்திருந்த பெருவிரல் ரேகையைப் பார்த்தாள்.

“ஏனுங்ணா, இதை எந்தப் பொடிசு தொட்டுது?”

“எந்தப் பொடிசும் தொடலை. எவ்வெரல்தான். பச்சையில பட்டது, துண்டோட சேந்து சுருங்கியிருக்குது.”

வசந்தாமணி தன் பெருவிரலை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். “மூணாவது படிக்கறப்ப உங்க வெரல் இத்தனைதான் இருந்திருக்கும். அப்பவே ஆகாத வேலையெல்லாம் பண்ணிட்டுத்தான் இருந்திருப்பீங்க.”

ஆறுக்குட்டி டீச்சர் பக்கம் திரும்பினார்.

“ஏன் வெடிச்சுதுங்க?”

“சாப்பிட்டுப் பேசலாம். அதுக்கு முன்னாடி அக்காவைக் கூட்டிட்டு அந்தச் சரிவுல ஒருக்கா எறங்கிட்டு வாங்க.”

லாரியில் சாமான் ஏற்றுவதற்காக வாசலில் ஒரு சிமென்ட் சரிவு உண்டு. ஆறுக்குட்டி இரண்டு அடி கீழே போய், காலை அகட்டி ஊன்றி, தங்கையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

“ம், வா. நான் புடிச்சிருக்கறன். வா.”

அவள் ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி வைத்தாள். மூன்றாவது அடியில் தோள் இழுத்துக்கொண்டது. உடம்பு கீழே போனது, கை மேலேயே நின்றது.

“ஐயோ, விடுங்ணா!”

“விட்டா விழுந்துருவ!”

“கரண்ட் கம்பமாட்டம் நின்னுட்டுக் கையைப் புடிச்சா, கையைக் கழட்டிக் குடுத்துட்டா நான் எறங்கறது? கை உங்ககிட்ட, கால் எங்கிட்ட. நடுவுல நான் ரெண்டாக் கிழியறன்.”

“இருவது வருசமா இப்பிடித்தான புடிக்கறன்!”

“இருவது வருசமா இப்பிடித்தான கத்தறன்!”

டீச்சர் வந்து அவள் பக்கத்தில் நின்றார். முழங்கைக்கு அடியில் கையைக் கொடுத்தார். பிடித்தாரா, சும்மா வைத்தாரா என்று ஆறுக்குட்டிக்குத் தெரியவில்லை. வசந்தாமணி அரை அடி வைத்தால் டீச்சரும் அரை அடி வைத்தார். அவள் சாய்ந்தால் சாய்ந்தார். அவள் நின்று மூச்சு வாங்கினால் இவரும் மூச்சு வாங்கினார். இரண்டு பேரும் சரிவின் அடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

“டீச்சர் கைன்னு ஒண்ணு இருந்த மாதிரியே தெரியலைங்ணா,” என்று கீழே இருந்து கத்தினாள்.

ஆறுக்குட்டி சாப்பிட உட்காரவில்லை. உள்ளே போய்ப் பீங்கான் பலகையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கணுக்கால் உட்கார்ந்திருந்த இடத்தில், நாலு பக்கமிருந்தும் நடுவை நோக்கி இழுபட்ட கீறல்கள்.

“டீச்சர்.”

“ம்.”

“சாமான் சுருங்குது. பலகை சுருங்கலை.”

டீச்சர் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

“பலகையும் சுருங்கோணும்ங்களா? கூடவே?”

“எதுல செஞ்சா சுருங்கும்?”

“அதே பொடியில.” ஆறுக்குட்டி நெற்றியில் அடித்துக்கொண்டார். “வரைஞ்சு குடுத்தீங்க. நாந்தானுங்க மிச்சம் புடிச்சன்.”

இரண்டாவது தடவை பலகையையும் சேர்த்து அச்சடித்தார். பிள்ளையைத் தொட்டிலில் விடுவது மாதிரி கணுக்காலை அதன் மேல் வைத்தார். மேசையில் டீச்சர் ஒரு கிண்ணமும் தூரிகையும் வைத்திருந்தார். கிண்ணத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கரைசல். எத்தனை சூட்டிலும் எதோடும் சேராத ஒரு பொடி அது. இரண்டுக்கும் நடுவில் பூசுவதற்கு. பூச வேண்டும் என்று ஆறுக்குட்டிக்கு நன்றாகத் தெரியும். டீச்சர் முன்பே சொல்லியிருந்தார்.

அன்றைக்குத் தூரிகையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். நடுவில் எதற்கு ஒன்று? ஒரே பொடி, ஒரே பசை, ஒன்றாகவே சுருங்கப் போகிறது. கிட்டக்க இருந்தால் நல்லதுதானே. கணுக்காலை மெல்ல ஓர் அழுத்தம்கூட அழுத்தி வைத்தார்.

திறந்தபோது கணுக்காலும் இல்லை, பலகையும் இல்லை. இரண்டும் ஒன்றாகிக் கிடந்தன. உளி வைத்துப் பார்த்தார். ரம்பம் வைத்துப் பார்த்தார். எங்கே கணுக்கால் முடிகிறது, எங்கே பலகை தொடங்குகிறது என்று கோடே இல்லை. ஒட்டுவது எப்படி என்று கேட்டுக்கொண்டு வந்த மனுஷன், பிரிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

வசந்தாமணி வந்து பார்த்தாள். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். அவளுக்கு ஜூன் ஒன்று நெருங்கிக்கொண்டிருந்தது. பிறகு அவளே சிரித்தாள்.

“இதை மாட்டிட்டு நடந்தா, போற எடத்துக்கெல்லாம் உக்கார மணையும் கூடவே வரும். நல்லதுதானுங்ணா. சேர் தேட வேண்டியதில்லை.”

அவள் ஆட்டோ ஏறிப் போன பிறகு டீச்சர் ஸ்டூலை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

“அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளுங்க.”

“இந்தக் கால் ஆகணுமா, ஆகக் கூடாதா?”

ஆறுக்குட்டி விருட்டென்று எழுந்தார். காலில் கட்டிய வார் இழுத்து மறுபடி உட்கார வைத்தது.

“என்ன டீச்சர், இப்பிடிக் கேட்டுப்போட்டீங்க! ஆறு மாசமா பீடி தொடலீங்க நானு! வாரம் ஏழு நாளும் இங்கதான் கெடக்கறன்! எந்தங்கச்சி கால் ஆகக் கூடாதுன்னு நான்…”

நிறுத்திக்கொண்டார். பக்கத்துப் பட்டறையில் கல் கொத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. டக், டக், டக்.

“ஆகணும்ங்க,” என்றார். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு: “ஆயிருச்சுன்னா போயிருவாளுங்க.”

டீச்சர் மேசையிலிருந்து வெள்ளைக் கரைசல் கிண்ணத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“இது எத்தனை பருமன் பூசணும்னு நீங்க எங்கிட்டக் கேக்கவே இல்லையே.”

“எத்தனைங்க?”

“தலைமுடிப் பருமன் போதும்ணா. செவுரு கட்ட வேண்டியதில்லை.”

ஆறுக்குட்டி கிண்ணத்தை ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

மே மாதம் இருபதாம் தேதி. இன்னும் ஒரு தடவைக்குத்தான் நாள் இருந்தது. அடுப்புக்கு இரண்டு நாள், காலோடு பொருத்துகிறவருக்கு ஐந்து நாள், பழகிப் பார்க்க நாலு நாள். இது போனால் வேலை போனது. விடுதியில் வேறு ஆளை வரிசையில் வைத்திருந்தார்கள்.

ஆறுக்குட்டி மறுபடி அச்சடித்த பலகையை எடுத்து வைத்தார். தூரிகையைத் தொட்டு, ஓர் ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரைக்கும் ஒரே வீச்சில் இழுத்தார். முப்பத்தைந்து வருஷம் தீயை இழுத்த கை. காய விட்டார். கணுக்காலை வைத்தார். அழுத்தவில்லை. பக்கத்தில், அதே பொடியில் அதே நேரத்தில் அடித்த விரல் நீளச் சோதனைக் கம்பி ஒன்றையும் வைத்தார். கதவை மூடினார்.

“திறந்து பாக்கலாம்னு தோணுதாண்ணா?” என்றார் டீச்சர், மறுநாள் மதியம்.

“தோணுதுங்க.”

“அப்பறம்?”

“தோணட்டும்னு விட்டுட்டனுங்க.”

இரண்டாம் நாள், அடுப்பு முழுக்க ஆறி, கையால் தொடலாம் என்கிற பதத்துக்கு வந்தபின் திறந்தார்கள். பலகையின் மேல் கணுக்கால். மங்கலான சாம்பல் நிறம். மயில் கழுத்தெல்லாம் இல்லை. ஆறுக்குட்டி இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். டக் என்று ஒரு சின்னச் சத்தம். தனியாக வந்துவிட்டது.

கையில் எடையே இல்லை. ஆறுக்குட்டிக்கு அதுதான் முதலில் தோன்றியது. இருபது வருஷமாகத் தூக்கியதற்கு இது எவ்வளவு லேசு.

டீச்சர் சோதனைக் கம்பியை வைஸ் இடுக்கியில் மாட்டி, ஒரு நீளக் குழாயைச் சொருகி, அவரிடம் கொடுத்தார்.

“ஒடைங்க.”

“நானுங்களா?”

“அக்கா படியில ஒடைக்கறதுக்கு நீங்க இங்க ஒடைச்சா தேவலை.”

ஆறுக்குட்டி கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். முழு உடம்பையும் போட்டு அழுத்தினார். கம்பி வளைந்தது. இன்னும் வளைந்தது. கொக்கி மாதிரி வளைந்து நின்றது. முறியவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தவர் குழாயைப் போட்டுவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். டீச்சர் டீ போடப் போனார். ஒரு டீக்கு ஆகிற நேரத்தைவிட நிறையவே எடுத்துக்கொண்டார்.

இருபத்தெட்டாம் தேதி வசந்தாமணி புதுக் காலோடு அதே சரிவில் இறங்கினாள். ஏறினாள். இறங்கினாள். ஏழாவது தடவை இறங்கும்போது திரும்பிக் கேட்டாள்.

“என்னுங்ணா, கூடவே வர்றீங்க?”

“சும்மா, எனக்கும் நடந்தாப்பல ஆச்சு.”

“கையை வேற முன்னாடி நீட்டிட்டே வர்றீங்க. பிச்சை போட்டர்றதா?”

ஆறுக்குட்டி நீட்டிய கையைப் பார்த்தார். அது எப்போது நீண்டது என்று அவருக்கே தெரியவில்லை. எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அவள் எட்டாவது தடவை ஏறினாள். அவர் கீழேயே நின்றார்.

மறுநாள் அவள் தனியாகவே வால்பாறை போய், நூற்றுப் பன்னிரண்டு படியையும் ஏறி இறங்கிக் காட்டிவிட்டு வந்தாள். விடுதியில் எண்பது பிள்ளைகளும் வரிசையில் நின்று கைதட்டினார்கள் என்றாள். லீவு நாளில் எண்பது பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள் என்று ஆறுக்குட்டி கேட்கவில்லை. பொய் சொல்கிற அளவுக்குத் தங்கைக்குச் சந்தோஷம் என்றால், அதை எதற்கு எண்ணிப் பார்ப்பது?

முப்பத்தொன்றாம் தேதி காலை, பொள்ளாச்சி ரோட்டில் குறிச்சிப் பிரிவு நிறுத்தம். ஆறுக்குட்டி பெட்டியைத் தூக்கப் போனார். அவள் விடவில்லை. டீச்சரும் வந்திருந்தார், ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தோடு.

“வெந்நி வெச்சுக் குளிங்க,” என்றாள் வசந்தாமணி. “கேரியரைக் கழுவாம மூடி வெக்காதீங்க. டீச்சர், இவருக்குச் சமைக்கத் தெரியாது. தெரியும்னு சொல்லுவாரு, நம்பாதீங்க.”

“எனக்குச் சமைக்கத் தெரியாதுன்னு யாரு சொன்னது?”

“எந்நாக்கு சொல்லுது.”

பஸ் வந்தது. கூட்டம். படி உயரம். வசந்தாமணி பெட்டியை மேலே வைத்தாள். கம்பியைப் பிடித்தாள். இடது காலை முதல் படியில் வைத்தாள். முழு எடையையும் அதன் மேல் போட்டு ஏறினாள். ஆறுக்குட்டியின் மூச்சு அந்தப் படியிலேயே நின்றுவிட்டது. அவள் இரண்டாவது படிக்குப் போய், உள்ளே போய், யாரையோ நகரச் சொல்லி, அவர்களோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே மறைந்துவிட்டாள்.

பஸ் கிளம்பியது. ஈச்சனாரி பக்கம் திரும்புகிற வரைக்கும் ஆறுக்குட்டி ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தார். ஒரு ஜன்னலிலும் கை அசையவில்லை. ரோடு காலியானது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவர் கைக்கு ஒரு வேலையும் இல்லை.

“டீச்சர்,” என்றார். “ஒருக்காக்கூடத் திரும்பிப் பாக்கலீங்களே.”

டீச்சர் பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப வேலை நல்லா வந்திருக்குதுங்ணா,” என்றார்.